பகிர்விலிருந்துதான் வந்ததா? என்எஃப்எஸ் வழியாக ஃபெடோரா நிறுவுவதைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

"அண்ணே, இன்ஸ்டால் முடிஞ்சிருச்சு, டெஸ்ட் பாஸ்" என்றார் கூட வேலை பார்க்கும் தம்பி. சோதனைத் தாளில் பச்சை நிறமும் அடித்துவிட்டார். எனக்கு என்னவோ உறுத்தியது. சர்வர் பக்கம் போய், ஒரு கோப்பகத்தை நெட்வொர்க் வழியாக மற்றக் கணினிகளோடு பகிரும் என்எஃப்எஸ் சர்வீஸின் நிலையைப் பார்த்தேன். அது காலையிலிருந்தே ஓடவில்லை.

நடந்தது இதுதான். பென் டிரைவில் இருந்த சின்ன நெட்இன்ஸ்ட் இமேஜிலிருந்து பூட் செய்திருக்கிறார். இன்ஸ்டாலர் திறந்ததும், நிறுவலுக்கான மூலம் சரியில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக்குள் போய், அருகிலுள்ள மிரர் (பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, இணையத்தில் நகலாக வைத்திருக்கும் சர்வர்) என்ற தேர்வைச் சொடுக்கியிருக்கிறார். எச்சரிக்கை போய்விட்டது. அப்புறம் எல்லாப் பேக்கேஜும் இணையத்திலிருந்து சமர்த்தாக இறங்கின. நிறுவல் வெற்றிதான், ஆனால் நாங்கள் சோதிக்க வேண்டிய பகிர்விலிருந்து ஒரு பைட் கூட வரவில்லை.

நெட்வொர்க் பகிர்விலிருந்து இயங்குதளம் நிறுவுவதைச் சோதிக்கும்போது, "முடிந்ததா?" என்பது இரண்டாவது கேள்விதான். "எங்கிருந்து வந்தது?" என்பது முதல் கேள்வி. அதற்குச் சான்றோடு பதில் சொல்லும்படி ஒரு சோதனையை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஃபெடோரா என்ற லினக்ஸின் சர்வர் பதிப்பையும் அதன் இன்ஸ்டாலரான அனகோண்டாவையும் எடுத்துக்கொள்கிறேன். ஆல்மாலினக்ஸ், ராக்கி, ரெட் ஹாட் ஆகிய லினக்ஸ்கள் எல்லாவற்றிலும் இதே அனகோண்டாதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கோப்பகப் பெயர்கள் என் விருப்பத்துக்கு வைத்தவை. லினக்ஸில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றாலும் இந்த வேலைக்கு வேண்டாம். பூட் வரியில் தமிழ் தட்ட வழி இல்லை.

மூன்று துண்டுகள்

நிறுவல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று துண்டு. முதலாவது கெர்னலும் இனிட்ரேம் எஃப்எஸ்ஸும்: கணினி விழித்ததும் நினைவகத்தில் ஏறும் சின்ன லினக்ஸ். இரண்டாவது, ஸ்டேஜ் 2 எனப்படும் இமேஜ். நீங்கள் பார்க்கும் இன்ஸ்டாலர் திரை இதற்குள்தான் இருக்கிறது. மூன்றாவது, வன்தட்டில் போய் உட்காரும் ஆர்பிஎம் பேக்கேஜ்கள்.

இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம் என்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் வேர். நெட்இன்ஸ்ட் இமேஜிலிருந்து பூட் செய்தால், அதன் மெனுவிலேயே 'இன்ஸ்ட்.ஸ்டேஜ்2' என்ற விருப்பம் அந்த இமேஜைக் காட்டியபடி எழுதப்பட்டிருக்கும். ரெப்போ, அதாவது பேக்கேஜ்கள் இருக்கும் இடம், எது என்று சொல்லும் 'இன்ஸ்ட்.ரெப்போ' விருப்பத்தில் நீங்கள் பகிர்வின் முகவரியைச் சேர்த்தாலும், பேக்கேஜ்கள் மட்டும்தான் அங்கிருந்து வரும். இன்ஸ்டாலர் பென் டிரைவிலிருந்தே வரும். ஸ்டேஜ்2 விருப்பமே இல்லாமல் ரெப்போவை மட்டும் கொடுத்தால்தான், இரண்டாவதும் மூன்றாவதும் பகிர்விலிருந்து வரும்.

ஆகவே சோதனைத் தாளில் முதல் வரியிலேயே எழுதுங்கள்: எந்தத் துண்டு எங்கிருந்து வர வேண்டும்? நான் இங்கே செய்யப்போவது கடினமான வகை. கெர்னலை நேரடியாக ஊட்டிவிட்டு, மற்ற இரண்டையும் பகிர்விலிருந்தே எடுக்கச் செய்வது.

என்ன வேண்டும்

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம்மும் அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட்டும் உள்ள ஒரு ஃபெடோரா கணினி போதும். அதுவே என்எஃப்எஸ் சர்வராகவும் இருக்கும். அதற்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினில்தான் நிறுவுவோம். மெஷினுக்கு 4 ஜிபி நினைவகம், 20 ஜிபி வன்தட்டு தாராளம்.

இமேஜ் விஷயத்தில் கவனம். வேண்டியது ஃபெடோரா சர்வரின் டிவிடி ஐஎஸ்ஓ. நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவைப் பகிர்வில் வைத்துவிட்டுத் திணறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பேக்கேஜ்களே இல்லை, பிறகு எதை நிறுவுவது? வொர்க்ஸ்டேஷன் லைவ் ஐஎஸ்ஓவும் உதவாது. அது ஒரு முழு இமேஜை அப்படியே வன்தட்டில் கொட்டுகிற வகை.

இறக்கியதும் செக்சம் கோப்போடு ஒப்பிடுங்கள். 'ஷா256சம் -சி' கட்டளை அரை நிமிடம் எடுக்கும். இதைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் ஏதோ ஒரு பேக்கேஜ் உடைந்திருக்கிறது என்று அனகோண்டாமீது பிழை பதிவது அநியாயம்.

வெளியுலகத்தைத் துண்டியுங்கள்

எங்கள் தம்பியின் சோதனை பொய்த்ததற்குக் காரணம் அவரல்ல. இணையம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான். பகிர்வு வேலை செய்யாவிட்டால் நிறுவலும் தோற்க வேண்டும். வேறு வழியே இருக்கக் கூடாது. அதனால் விர்ட்-மேனேஜரில் (விர்ச்சுவல் மெஷின்களுக்கான வரைகலைக் கருவி) ஒரு புதிய நெட்வொர்க் உருவாக்கி, வகையைத் தனித்த நெட்வொர்க் என்று வையுங்கள். முகவரி வரம்பு 192.168.50.0/24 என்று கொள்வோம். லிப்வர்ட் தானாகவே டிஹெச்சிபி மூலம் மெஷினுக்கு முகவரி தரும். தாய்க் கணினியின் முகவரி 192.168.50.1 ஆக இருக்கும். இதில் மட்டும் இணைத்த விர்ச்சுவல் மெஷினிலிருந்து அந்த ஒரு முகவரியைத் தாண்டி வெளியே போக வழி கிடையாது. இன்ஸ்டாலரில் நேரம் ஒத்திசையவில்லை என்று தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இணையம் இல்லை அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

பகிர்வை அமைத்தல்

இந்தப் பகுதியில்தான் பாதி நாள் போகும். நிதானமாகப் போவோம்.

முதலில் என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் பேக்கேஜை நிறுவி, என்எஃப்எஸ்-சர்வர் சர்வீஸைத் தொடங்குங்கள். அப்புறம் ஐஎஸ்ஓவை ஒரு கோப்பகத்தில் ஏற்றுங்கள்:

மவுண்ட் -ஓ லூப்,ஆர்ஓ ஃபெடோரா.ஐஎஸ்ஓ /சோதனை/மரம்

ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதை வேறு கோப்பகத்துக்கு நகலெடுத்தும் வைக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. நகலெடுக்க நட்சத்திரக் குறி போட்டால், புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகள் வராது. மரத்தின், அதாவது ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்பக அமைப்பின், வேரில் '.ட்ரீஇன்ஃபோ' என்றொரு கோப்பு இருக்கிறது. கெர்னல் எங்கே, ஸ்டேஜ்2 எங்கே, பேக்கேஜ்கள் எந்தக் கோப்பகத்தில் என்று இன்ஸ்டாலருக்குச் சொல்வது அதுதான். ஃபெடோராவில் அது இல்லாமலும் சில சமயம் தப்பித்துக்கொள்ளலாம். ஆல்மாலினக்ஸ், ராக்கி போன்றவற்றில் பேக்கேஜ்கள் பேஸ்ஓஎஸ், ஆப்ஸ்ட்ரீம் என்று இரண்டு கோப்பகங்களாகப் பிரிந்திருக்கும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் இன்ஸ்டாலருக்குத் திக்குத் தெரியாது. எல்எஸ் போட்டுப் பார்த்தால் எல்லாம் இருப்பதுபோலவே தெரியும். 'எல்எஸ் -ஏ' போட்டால்தான் குட்டு வெளிப்படும். லூப் முறையில் ஏற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்து, எந்தக் கோப்பகத்தை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு. அதில் ஒரே வரி:

/சோதனை/மரம் 192.168.50.0/24(ஆர்ஓ)

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும். அந்த நெட்வொர்க்குக்கு இயல்பான அமைப்பு, அடைப்புக்குள் இருப்பது உலகத்தில் உள்ள மற்ற எல்லோருக்கும் என்று ஆகிவிடும். இங்கே படிக்க மட்டும்தான் அனுமதி என்பதால் பெரிய சேதம் இல்லை. எழுதும் அனுமதி கொடுத்திருந்த ஒரு பகிர்வில் இதே இடைவெளியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் எனக்கு வேர்த்துவிட்டது.

'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏவி' கொடுத்தால் அமைப்பு நடைமுறைக்கு வரும்.

எக்ஸ்போர்ட் செய்வது ஐஎஸ்ஓ ஏற்றப்பட்ட அதே கோப்பகமாக இருக்கட்டும். மேல் கோப்பகமான சோதனையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால், மறுமுனையில் மரம் என்ற கோப்பகம் காலியாகத் தெரியும். ஒரு ஃபைல்சிஸ்டத்துக்குள் ஏற்றப்பட்ட இன்னொன்றை என்எஃப்எஸ் தானாகக் காட்டாது. கிராஸ்மவுண்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் காட்டும். பாதை சரி, அனுமதி சரி, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தால் இதைத்தான் பாருங்கள்.

அனுமதி என்றதும் இன்னொன்று. என்எஃப்எஸ் இயல்பாகவே ரூட் ஸ்குவாஷ் செய்யும். அந்தப் பக்கம் இன்ஸ்டாலர் எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக ஓடினாலும், சர்வர் அதை யாரோ ஒரு அநாமதேயராகத்தான் மதிக்கும். ஆகவே கோப்புகளை எல்லோரும் படிக்க முடிய வேண்டும், கோப்பகங்களுக்குள் எல்லோரும் நுழைய முடிய வேண்டும். லூப் முறையில் இது சரியாகவே இருக்கும். நகலெடுத்த மரத்திலும், தனி ஐஎஸ்ஓ கோப்பைப் பகிரும்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபயர்வால்: எந்த ஸோன்?

இங்கே நான் ஒரு பிற்பகலையே தொலைத்திருக்கிறேன். ஃபயர்வாலில் என்எஃப்எஸ்ஸை அனுமதித்தேன், கட்டளை வெற்றி என்றது. மெஷினிலிருந்து இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. காரணம், லிப்வர்ட் மெஷின்களை இணைக்கும் தன் நெட்வொர்க் பாலங்களை லிப்வர்ட் என்ற தனி ஸோனில் (தனக்கென்று விதிகள் கொண்ட ஃபயர்வால் பகுதியில்) வைத்திருக்கும். நான் அனுமதித்ததோ இயல்பான ஸோனில். முன்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவர் பின்வாசலில் நிற்கிறார் என்பது தெரியாமல் காத்திருந்த கதை. சரியான கட்டளை:

ஃபயர்வால்-சிஎம்டி --ஸோன்=லிப்வர்ட் --ஆட்-சர்வீஸ்=என்எஃப்எஸ்

நிரந்தரமாக்கும் விருப்பத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கணினியை மறுபடி தொடங்கினால் துளை தானாக அடைபட்டுவிடும். சோதனைக்கு அது நல்லது.

பகிர்வு வேலை செய்கிறதா என்று தாய்க் கணினியிலிருந்தே ஏற்றிப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். சொந்த முகவரிக்குப் போகும் போக்குவரத்து அந்த ஃபயர்வால் ஸோனைத் தொடுவதே இல்லை, எப்போதும் வேலை செய்யும். அதே தனித்த நெட்வொர்க்கில் இன்னொரு விர்ச்சுவல் மெஷினை வைத்து, அதிலிருந்து ஏற்றிப் பாருங்கள். 'ஷோமவுண்ட் -இ' கட்டளையையும் நம்ப வேண்டாம். அது என்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்புகளுக்கான மவுண்ட்டி சர்வீஸ் வழியாகக் கேட்கிறது. பதிப்பு 4 மட்டும் திறந்திருக்கும்போது ஷோமவுண்ட் தோற்கும், ஆனால் பகிர்வு நன்றாகவே ஏறும்.

பூட் செய்தல்

விர்ட்-இன்ஸ்டால் கட்டளைக்கு '--லொகேஷன்' என்ற விருப்பம் உண்டு. அதில் ஐஎஸ்ஓ ஏற்றப்பட்ட கோப்பகத்தைக் கொடுத்தால், அதிலிருந்து கெர்னலையும் இனிட்ரேம் எஃப்எஸ்ஸையும் எடுத்து முதல் பூட்டுக்கு மட்டும் ஊட்டும். ஐஎஸ்ஓ கோப்பையே அங்கே கொடுக்காதீர்கள். அது சிடியாகவும் மெஷினில் ஒட்டிக்கொண்டால் சோதனை கறைபட்டுவிடும். '--எக்ஸ்ட்ரா-ஆர்க்ஸ்' என்ற விருப்பத்தில் இதைத் தாருங்கள்:

ஐபி=டிஹெச்சிபி இன்ஸ்ட்.ரெப்போ=என்எஃப்எஸ்:என்எஃப்எஸ்வெர்ஸ்=4.2:192.168.50.1:/சோதனை/மரம் இன்ஸ்ட்.எஸ்எஸ்ஹெச்டி

வரிசை முக்கியம்: என்எஃப்எஸ், பிறகு விருப்பங்கள், பிறகு சர்வர், பிறகு பாதை. நடுவே எல்லாம் முக்காற்புள்ளி, இடைவெளி கிடையாது. பதிப்பை நாமே குறிப்பிடுவது, எது சோதிக்கப்பட்டது என்று பிறகு தெளிவாகச் சொல்வதற்காக. கடைசியில் உள்ளது இன்ஸ்டாலருக்குள் எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைய வழி செய்யும். லாக்குகளை எடுக்க உதவும். கடவுச்சொல் இல்லாமலே ரூட்டாக நுழைய விடும் என்பதால் தனித்த நெட்வொர்க்குக்கு வெளியே இதைப் போடாதீர்கள்.

விர்ட்-மேனேஜரிலேயே கெர்னலை நேரடியாகக் குறிப்பிட்டும் பூட் செய்யலாம். இமேஜஸ் கோப்பகத்துக்குள் பிஎக்ஸ்இபூட் என்ற இடத்தில் இரண்டு கோப்புகளும் இருக்கும். அப்படிச் செய்தால், நிறுவல் முடிந்ததும் அந்த அமைப்பை நீக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இன்ஸ்டாலரே வந்து நிற்கும். இன்னொன்று, கெர்னலும் மரமும் ஒரே வெளியீடாக இருக்க வேண்டும். போன மாதம் எடுத்து வைத்த கெர்னலோடு இந்த வார மரத்தைச் சேர்த்தால், மாட்யூல்கள் பொருந்தாமல் விசித்திரமான பிழைகள் வரும்.

நிறுவும்போதே சான்று எடுங்கள்

மெஷினைக் கிளப்புவதற்கு முன் சர்வரில் 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எஸ்' கொடுத்து, ரீட் (எத்தனை முறை படிக்கப்பட்டது) என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது முன் அளவு.

இன்ஸ்டாலர் திரை வந்ததும், நிறுவலுக்கான மூலம் என்ற பகுதியில் உங்கள் என்எஃப்எஸ் முகவரி தெரிய வேண்டும். திரையை மட்டும் நம்பாமல் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் அழுத்துங்கள். விர்ட்-மேனேஜரில் அதன் சென்ட் கீ மெனு வழியாக. ஒரே திரையில் பல முனையங்களைத் தரும் டிமக்ஸ் வரும். கண்ட்ரோல்-பி, பிறகு 2 அழுத்தினால் ஷெல். அங்கே மூன்று பார்வை:

ப்ராக்கில் உள்ள சிஎம்டிலைன் கோப்பு. நீங்கள் கொடுத்த பூட் வரி எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறதா, ஸ்டேஜ்2 விருப்பம் எங்கிருந்தாவது நுழைந்திருக்கிறதா?

ஃபைண்ட்மவுண்ட் கட்டளை. என்எஃப்எஸ்4 வகையில் உங்கள் பகிர்வு ஏறியிருக்கிறதா, பதிப்பு என்ன?

டெம்ப் கோப்பகத்தில் உள்ள பேக்கேஜிங் லாக். எந்த ரெப்போவை அனகோண்டா அடிப்படையாக எடுத்தது?

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்6 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பலாம். குறைந்த பேக்கேஜ்கள் கொண்ட தேர்வோடு நிறுவலைத் தொடங்குங்கள். சோதிப்பது பாதையைத்தான், எல்லாப் பேக்கேஜையும் இறக்கி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பேக்கேஜ்கள் இறங்கும்போது சர்வரில் அந்த ரீட் எண்ணை மறுபடி பாருங்கள். மடமடவென்று ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அது அசையாமல் இன்ஸ்டாலரின் விழுக்காடு மட்டும் ஏறினால், எங்கோ ஏமாற்று நடக்கிறது.

நிறுவிய பிறகு

புதிய இயங்குதளம் சொந்த வன்தட்டிலிருந்து பூட் ஆகி உள்நுழைவு வந்தால், "முடிந்ததா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "எங்கிருந்து?" என்பதற்கு இரண்டு சான்று அங்கேயே இருக்கின்றன.

ரூட்டின் கோப்பகத்தில் அனகோண்டா-கேஎஸ் என்ற கிக்ஸ்டார்ட் கோப்பு (இன்ஸ்டாலருக்கான பதில்கள் எழுதிய கோப்பு) இருக்கும். நீங்கள் செய்த தேர்வுகளையெல்லாம் அனகோண்டா தானே எழுதிவைத்தது. அதில் என்எஃப்எஸ் என்று தொடங்கி, சர்வர் முகவரியும் கோப்பகமும் உள்ள வரி இருக்க வேண்டும்.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறுவப்பட்ட பேக்கேஜ்களை ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப் கட்டளையால் பட்டியலிட்டால், ஒவ்வொன்றும் எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்பது பக்கத்திலேயே இருக்கும். நாம் கொடுத்த மூலத்திலிருந்து வந்தவற்றுக்கு அனகோண்டா என்று பெயர் இருக்கும். மிரரிலிருந்து வந்திருந்தால் ஃபெடோரா, அப்டேட்ஸ் என்ற பெயர்கள் தெரியும். தம்பியின் மெஷினில் இந்தப் பட்டியலை ஓடவிட்டோம். ஒரு வரியில்கூட அனகோண்டா இல்லை. அவரே சிரித்துவிட்டார்.

இங்கே ஒரு பொய்யான பயமும் உண்டு. புதிய மெஷினில் ரெப்போ கோப்புகளைத் திறந்தால் இணைய மிரர்கள்தான் இருக்கும், உங்கள் பகிர்வு இருக்காது. அது பிழை இல்லை. நிறுவலுக்குப் பயன்பட்ட மூலத்தை இயங்குதளம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஐஎஸ்ஓவைப் பிரிக்காமலே பகிர்தல்

விரித்த மரத்துக்குப் பதில், ஐஎஸ்ஓ கோப்பையே பகிர்வில் வைத்து, பூட் வரியில் பாதையின் கடைசியில் அதன் முழுப் பெயரைக் கொடுக்கலாம். அனகோண்டா பகிர்வை ஏற்றி, அதற்குள் உள்ள ஐஎஸ்ஓவையும் தானே ஏற்றிக்கொள்ளும். இது வேறு நிரல் வழியில் நடப்பதால் தனிச் சோதனையாகவே ஓட்ட வேண்டும். ஃபெடோராவின் தரச் சோதனைக் குழுவும் மரம், ஐஎஸ்ஓ இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அவற்றை ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிக் கருவியும் ஓட்டுகிறது. ஒரு மெஷின் சர்வராக இருந்து பகிர, இன்னொன்று அதிலிருந்து நிறுவிக்கொள்ளும்.

பதிப்பையும் மாற்றிப் பாருங்கள். என்எஃப்எஸ் 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வந்த சரக்கு. மூன்றாம் பதிப்பு 1995-இல் வெளிவந்தது, இன்னும் பல பழைய சேமிப்புப் பெட்டிகளில் அதுதான் ஓடுகிறது. பதிப்பு 4-க்கு 2049 என்ற ஒரு போர்ட் போதும். பதிப்பு 3-க்கு ஆர்பிசிபைண்டின் 111-உம் மவுண்ட்டியும் கூட வேண்டும். லிப்வர்ட் ஸோனில் மவுண்ட்டி, ஆர்பிசி-பைண்ட் சர்வீஸ்களையும் சேர்த்துவிட்டு, பூட் வரியில் 4.2-ஐ 3 என்று மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள்.

இப்போது உடையுங்கள்

தோற்க வேண்டிய இடத்தில் தோற்காத சோதனையால் பயனில்லை. எனக்கு இந்தப் பகுதிதான் வேலையிலேயே சுவையானது.

பாதையில் ஓர் எழுத்தை மாற்றி பூட் செய்யுங்கள். ஸ்டேஜ்2 கிடைக்காமல், இனிட்ரேம் எஃப்எஸ்ஸுக்குள் ஓடும் டிராகட் சில நிமிடம் முட்டி மோதிவிட்டு, அவசர ஷெல்லில் கொண்டுவிடும். அதுதான் சரியான நடத்தை. அங்கே ஆர்டிஎஸ்ஓஎஸ்ரிப்போர்ட் என்ற அறிக்கையைத் தயாரித்துத் தரும். பகிர்வை ஏற்ற முடியாத செய்தி அதில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் நேரம் முடிந்தது என்று மட்டும் சொன்னால், பயனருக்குக் காரணம் புரியாது. அதுவே பதிவு செய்யத் தகுந்த குறை.

அடுத்து, நிறுவலின் நடுவே சர்வரை நிறுத்துங்கள். பேக்கேஜ்கள் பாதி வந்ததும் என்எஃப்எஸ்-சர்வர் சர்வீஸை நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி தொடங்குங்கள். இன்ஸ்டாலரும் அதே பகிர்விலிருந்து ஓடுவதால் திரையே உறைந்து நிற்கலாம். மவுஸ் மட்டும் அசையும், எதைச் சொடுக்கினாலும் பதில் இருக்காது. சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று கெர்னல் செய்தி வரும். பயந்து மெஷினை அணைத்துவிடாதீர்கள். சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதுவும் உடனே நடக்காது. பதிப்பு 4 சர்வர் மறுபடி எழும்போது, பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் நிலையை மீட்டுக்கொள்ள இயல்பாக 90 விநாடி அவகாசம் தரும். குறைந்தது மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

மூன்றாவது, கெட்டுப்போன பேக்கேஜ். இதற்கு மட்டும் நகலெடுத்த மரம் வேண்டும், லூப்பில் எழுத முடியாது. அந்தக் குறைந்த தேர்விலும் கட்டாயம் வரும் ஒரு பேக்கேஜைப் பிடித்து, நடுவே சில பைட்டுகளை மாற்றுங்கள். பேஷ் நல்ல பலியாடு. அனகோண்டா அந்தப் பேக்கேஜின் பெயரைச் சொல்லி நின்றால் தேர்ச்சி. கண்டுகொள்ளாமல் முடித்துவிட்டால் அது பெரிய பிழை, உடனே பதிவு செய்யுங்கள். அதே மரத்தில் ஒரு பேக்கேஜின் படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டும் ஓட்டிப் பார்க்கலாம். ரூட் ஸ்குவாஷ் காரணமாக இன்ஸ்டாலருக்கு அது கிடைக்காது.

தானாக ஓட

நான்கைந்து வகை என்றதும் கையால் சொடுக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பு எழுதி, அதையும் பகிர்விலேயே வைத்து 'இன்ஸ்ட்.கேஎஸ்' விருப்பத்தில் காட்டலாம். முகவரி எழுதும் முறை ரெப்போவுக்குச் சொன்னதேதான். லூப்பில் ஏற்றிய மரத்துக்குள் எதையும் எழுத முடியாது என்பதால் அதற்கென்று தனிக் கோப்பகத்தை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மொழி, விசைப்பலகை, நேர வலயம், ரூட் கடவுச்சொல், பார்ட்டிஷன், என்எஃப்எஸ் வரி, கோர் என்ற அடிப்படைப் பேக்கேஜ் குழு, கடைசியில் பவர்ஆஃப். அந்தக் கடைசிச் சொல் முக்கியம்: மெஷின் அணைந்தால் நிறுவல் முடிந்தது என்று உங்கள் ஸ்கிரிப்ட் புரிந்துகொள்ளும். இந்தக் கோப்பில் வன்தட்டை அழிக்கும் வரி இருப்பதால், மேசையில் உள்ள உண்மையான கணினி எதிலும் தவறிக்கூட இதைக் கொடுத்துவிடாதீர்கள். கேட்காமலே துடைத்துவிடும்.

உண்மையான கணினிகளில் சோதிக்க நேர்ந்தால், வயர் இணைப்பிலேயே செய்யுங்கள். நடுவில் பழைய 100 மெகாபிட் சுவிட்ச் இருந்தால் நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. "என்எஃப்எஸ் மெதுவாக இருக்கிறது" என்று வந்த ஒரு புகாரை விசாரித்தபோது, குற்றவாளி மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த அந்தச் சுவிட்ச்தான்.

பிழை கிடைத்தால்

ஃபெடோராவுக்கு ரெட் ஹாட் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவுத் தளத்தில் அனகோண்டா என்ற பிரிவில் பதியலாம். இன்ஸ்டாலர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், டெம்ப் கோப்பகத்திலிருந்து அனகோண்டா, பேக்கேஜிங், ஸ்டோரேஜ், ப்ரோக்ராம், சிஸ்லாக் ஆகிய ஐந்து லாக்குகளையும் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தாய்க் கணினிக்கு இழுத்துவிடுங்கள். மெஷினை அணைத்தால் அவை போய்விடும். நிறுவல் முடிந்திருந்தால் வார், லாக், அனகோண்டா என்ற பாதையில் நகல் இருக்கும். அறிக்கையில் பூட் வரியை முழுதாக ஒட்டுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் வரி, என்எஃப்எஸ் பதிப்பு, மரமா ஐஎஸ்ஓவா என்பது, இமேஜின் சரியான பெயர் இவையும் வேண்டும். "என்எஃப்எஸ்ஸிலிருந்து இன்ஸ்டால் ஆகவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த நிரலாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் எக்ஸ்போர்ட்ஸில் இடைவெளி இல்லையே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார், அதுவும் நியாயம்தான்.

எல்லாம் முடிந்து, ஏற்றி வைத்த ஐஎஸ்ஓவை இறக்க (அன்மவுண்ட் செய்ய) போனால், பயன்பாட்டில் இருக்கிறது என்று லினக்ஸ் மறுக்கும். யாரும் அந்தக் கோப்பகத்தில் இல்லையே என்று தேடாதீர்கள். கெர்னலுக்குள் ஓடும் என்எஃப்எஸ் சர்வர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் எக்ஸ்போர்ட்ஸிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுங்கள். அப்புறம் இறக்கினால் இறங்கிவிடும்.